புதுப்பிப்பு: மூணு மானிட்டர் வாங்கியாச்சு

தக்கலையில் உள்ள எங்கள் கட்டட வரைபட அலுவலகத்துக்கு 27 இஞ்சில் மூன்று 4கே மானிட்டர் (பிக்சல் எனும் புள்ளிகள் அதிகம், படம் கூர்மை) வாங்கலாமா, புள்ளிகள் குறைந்த 1440பி போதுமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். மூன்றும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்றீர்கள். கையிலிருந்த பணம் அதற்கு இடம் தரவில்லை. நடுவில் ஒரு 4கே, இரு பக்கமும் 1440பி.

நீங்கள் சொன்னது சரிதான். 4கேயில் இஞ்சுக்கு 163 பிக்சல், மற்றதில் 109. வரைபட மென்பொருளான ஆட்டோகேடில், 4கே திரையில் மெல்லிய கோடுகூட அச்சடித்த மாதிரி தெரிகிறது. ஆனால் விண்டோஸில் எழுத்து, படங்களின் அளவை நடுத்திரைக்கு 150 சதவீதம், மற்றவற்றுக்கு 100 என்று வைத்ததால், பழைய மென்பொருள் ஒன்றைப் பக்கத்துத் திரைக்கு இழுத்தால் எழுத்து மங்குகிறது. பழகிவிடும் என்கிறார் எங்கள் வரைவாளர். எனக்குப் பழகவில்லை.

முதல் இரண்டு நாள் மவுஸ் இழுத்து இழுத்து ஓடியது. மானிட்டர்தான் கோளாறு என்று நாகர்கோவில் கடைக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன், நல்லவேளை வாசலிலேயே நின்றேன். கணினியில் மானிட்டரை மாட்டியிருந்த இணைப்பு எச்டிஎம்ஐ 1.4, அதில் 4கேக்கு 30 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 30 முறைதான் படம் மாறும். டிஸ்ப்ளே போர்ட் என்ற இன்னொரு இணைப்புக்கு மாற்றியதும் 60 வந்தது.

அப்புறம், பழைய யுபிஎஸ் மூன்று மானிட்டரையும் தாங்குமா என்று கேட்டவருக்கு: நேற்று மழையில் கரண்ட் போனபோது பழையதே மூன்றையும் பத்து நிமிடம் தாங்கியது.