டோரோ பள்ளத்தாக்கில் ஐந்து நாள், அப்பா அம்மாவோடு: காரா, ரயிலா? எத்தனை கின்டா?

தென்கரை72 (கேள்வி)

வணக்கம். செப்டம்பர் 22 முதல் 26 வரை போர்ச்சுகல், போர்ட்டோ நகரில் இருப்போம். நான், மனைவி, அப்பா (68 வயது, முட்டி வலி, சர்க்கரை உண்டு), அம்மா (சுத்த சைவம், முட்டையும் கிடையாது, மது தொடுவதில்லை). அங்கிருந்து நேராகச் சென்னை.

இப்போதைக்குத் திட்டம் இதுதான்: போர்ட்டோவில் கார் வாடகைக்கு எடுத்து, ஒரே நாளில் டோரோ போய், நான்கு கின்டா (திராட்சைத் தோட்டமும் ஒயின் கூடமும் சேர்ந்த பண்ணை) பார்த்துவிட்டு இரவே திரும்புவது. மற்ற நாள் போர்ட்டோ. கேள்விகள்:

1. இது நடக்குமா? கார் நல்லதா, ரயிலா?
2. காலால் திராட்சை மிதிப்பதைப் பார்க்க முடியுமா?
3. அம்மாவுக்குச் சாப்பாடு?
4. சென்னைக்கு எத்தனை பாட்டில் கொண்டுபோகலாம்?

---

வளைவுப்பாதை

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். ஒரே நாள், நான்கு கின்டா என்பதைத் தயவுசெய்து கைவிடுங்கள். டோரோ பள்ளத்தாக்கில் கின்டாக்கள் சூழ்ந்த சின்ன ஊரான பின்யாவ், போர்ட்டோவிலிருந்து ஏறத்தாழ 130 கி.மீ. விரைவுச்சாலையில் போனாலும் ஒன்றே முக்கால் மணி நேரம், திரும்ப அதே அளவு. ஒரு கின்டாவில் சுற்றிக் காட்ட ஒரு மணி, சுவைத்துப் பார்க்க அரை மணி என்று ஒன்றரை மணி நேரம் போய்விடும். மதியச் சாப்பாடு அங்கே இரண்டு மணி நேர வேலை. மூன்றாவது கின்டாவுக்குப் போகும்போது உங்கள் நாக்கு மரத்திருக்கும், அப்பாவின் முட்டி வீங்கியிருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஓட்டுபவருக்கு. போர்ச்சுகலில் ரத்தத்தில் ஆல்கஹால் எல்லை லிட்டருக்கு 0.5 கிராம். உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவருக்கு 0.2. போர்ட் ஒயின் சாதாரண ஒயின் போல 13 சதவீதம் அல்ல, 20 சதவீதம். 30 மில்லி வீதம் ஐந்து வகை ஊற்றினால் 150 மில்லி. அதில் சுத்த ஆல்கஹால் 30 மில்லி, எடையில் 24 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் அதை விழுங்கினால் தோராயமாக எல்லைக் கோட்டிலேயே நிற்பார். ஒரே கின்டாவின் கணக்கு இது. அதன்பின் வழியிலுள்ள ரேகுவா ஊருக்கும் பின்யாவுக்கும் இடையே என்222 சாலை, 27 கி.மீ., ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து போகும். அறுவடைக் காலமென்பதால் வளைவு திரும்பினால் எதிரே திராட்சை ஏற்றிய டிராக்டர் நிற்கும்.

ரயிலில் போங்கள். போர்ட்டோவின் சாவ் பென்ட்டோ அல்லது கம்பன்யா நிலையத்திலிருந்து பின்யாவுக்குச் சுமார் இரண்டரை மணி நேரம். போகும்போது வலப்பக்க ஜன்னல், திரும்பும்போது இடப்பக்கம். தண்டவாளம் ஆற்றின் வடகரையில் போவதால்தான் இந்தக் கணக்கு. முதல் ஒரு மணி நேரம் ஊரும் வயலும்தான், ஆறு அதன் பிறகுதான் கண்ணில் படும். முதலிலேயே ஏமாந்து தூங்கிவிடாதீர்கள். இருக்கைக்கு முன்பதிவு கிடையாது, முந்தினவருக்கே ஜன்னல். எனவே உங்கள் ரயில் எந்த நிலையத்தில் புறப்படுகிறது என்று பார்த்து அங்கேயே 20 நிமிடம் முன்னால் போய் ஏறுங்கள். 65 வயது தாண்டியவருக்குப் பாதிக் கட்டணம். அப்பாவின் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், பரிசோதகர் கேட்பார். பாதையில் பராமரிப்பு வேலை நடக்கும் நாட்களில் ஒரு பகுதிக்குப் பேருந்து விடுவார்கள், முந்தின நாள் ரயில்வே தளத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பின்யாவில் இரண்டு இரவு தங்குங்கள். நிலையத்தில் இறங்கியதும் அவசரப்படாதீர்கள். சுவரில் 1937-இல் பதித்த 24 நீல ஓட்டுச் சித்திரங்கள் இருக்கின்றன. கூடை தூக்கும் ஆட்கள், மாட்டு வண்டி, பீப்பாய் ஏற்றிய படகு என்று அறுவடை முழுவதும் அதில் உண்டு. அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

---

கல்தொட்டி

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு கின்டா, காலை 10:30-க்கு ஒன்று, மாலை 4 மணிக்கு ஒன்று. நடுவில் ஆற்றோரத்தில் படகு. பின்யாவ் துறையிலிருந்து ஒரு மணி நேரச் சவாரி கிடைக்கும், முட்டி வலிக்காரருக்கு அதைவிட நல்ல வழி இல்லை. நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடியவை பொம்ஃபிம், ரோயேடா இரண்டும். ரோயேடாவுக்குக் கொஞ்சம் ஏற்றம். பாலம் தாண்டினால் கர்வால்யாஸ், இன்னும் சில கிலோமீட்டரில் செய்ஷோ. வரைபடத்தில் எதிர்க்கரைக் கின்டா கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் பாலங்கள் சில இடங்களில்தான் உண்டு. ஒரு நாளுக்கு ஒரே கரையில் முடிவு செய்யுங்கள். முன்பதிவு செய்யும்போது மூன்று விஷயம் எழுதிக் கேளுங்கள்: ஆங்கிலச் சுற்று எந்த நேரம், படிக்கட்டு எத்தனை, குடிக்காதவருக்குத் திராட்சைச் சாறு உண்டா. பின்யாவில் டாக்சி கொஞ்சம்தான். செயலியை நம்பி நிற்காமல், போகும்போதே திரும்ப வரும் நேரத்தை ஓட்டுநரிடம் பேசிவிடுங்கள்.

இனி மிதிப்பது. உங்கள் தேதி சரியாக அறுவடைக்குள் விழுகிறது, ஆனால் எந்த நாள் எந்தத் தோட்டம் என்பதைப் பழத்தின் பக்குவம் முடிவு செய்யும். அந்தச் சடங்கு நடக்கும் இடம் லகார் எனும் கருங்கல் தொட்டி, முழங்காலுக்கு மேல் பழம் நிற்கும். முதல் இரண்டு மணி நேரம் வரிசையாகத் தோளில் கைபோட்டு, ஆளுக்கொரு தாளம் இல்லாமல், ஒரே அடியாக முன்னே நகர வேண்டும். தொட்டியில் ஓர் அங்குலம் விடாமல் நசுங்க வேண்டும் என்பதற்காக. அதன் பிறகுதான் ‘லிபர்டாட்’, பாட்டும் ஆட்டமும். பெரும்பாலும் சாயங்காலம், இரவில். விருந்தினரை இறங்கவிடும் கின்டாக்கள் அதைத் தனி நிகழ்ச்சியாக விற்கின்றன, இப்போதே எழுதிக் கேட்டால்தான் இடம். அரைக்கால் சட்டை, துண்டு, மாற்றுடை வேண்டும். கால் நகத்தில் சாயம் சில நாள் நிற்கும்.

காலால் ஏன் என்று அப்பா கேட்பார், சொல்லுங்கள். இயந்திரம் விதையை உடைத்தால் கசப்பு இறங்கும், பாதம் தோலை நசுக்கும், விதையை விட்டுவிடும். போர்ட்டுக்கு நேரமும் குறைவு. புளிக்கத் தொடங்கி இரண்டு மூன்று நாளிலேயே, பழச் சர்க்கரை பாதி இருக்கும்போதே, 77 சதவீதத் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுகிறார்கள். மரபான கணக்கு 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம், ஆக 550 லிட்டர் பீப்பாய் ஒன்று. அந்தக் குறுகிய நேரத்துக்குள் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்கியாக வேண்டும், அதனால்தான் அத்தனை மிதி.

இதில் அப்பாவுக்கு ஒரு எச்சரிக்கை இருக்கிறது. நிறுத்திய சர்க்கரை அப்படியே பாட்டிலில் இருக்கும், லிட்டருக்குச் சுமார் 100 கிராம். 150 மில்லியில் 15 கிராம், மூன்று தேக்கரண்டிக்கு மேல். அவருக்கு டோரோவின் சாதாரணச் சிவப்பு ஒயின் கேளுங்கள், அதில் சர்க்கரை மிச்சமிருப்பது மிகக் கொஞ்சம். அதுவும் சாப்பாட்டோடு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு.

சுவைக்கும் வரிசை: வெள்ளை, சாதாரணச் சிவப்பு, பிறகு போர்ட் வகைகளில் ரூபி அல்லது எல்.பி.வி. (தாமதமாகப் பாட்டிலில் அடைத்த, ஒரே ஆண்டு அறுவடைப் போர்ட்), கடைசியில் டானி. இதைத் தலைகீழாக்கினால் காசு வீண். 20 ஆண்டு டானி குடித்த நாக்குக்கு அதற்கடுத்து வரும் எந்தச் சிவப்பும் புளித்த தண்ணீராகத்தான் தெரியும். ஒயின் குவளையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பாருங்கள். ரூபியின் ஓரம் நாவல்பழ ஊதா. டானியின் ஓரம் வெல்லப்பாகு கம்பிப் பதத்துக்கு வரும்போது இருக்கிற செம்பழுப்பு. முகர்ந்தால் காய்ந்த அத்தி, வறுத்த கொட்டைப்பருப்பு, ஆரஞ்சுத் தோல். காரணம், ரூபி பெரிய தொட்டியில் காற்றுப் படாமல் இருந்தது, டானி சின்னப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் மரத்தின் வழியே மூச்சுவிட்டது. மேசையில் துப்புவதற்கென்று ஒரு குவளை வைத்திருப்பார்கள். அதில் துப்புவதை யாரும் மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டார்கள், தொழில்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

---

பச்சைமிளகாய்

அம்மாவின் சாப்பாட்டை நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். இது இறைச்சியும் காய்ந்த மீனும் உண்ணும் மலைநாடு. ‘வெஜிடேரியன்’ என்றால் மீன் வரலாம், சாலட்டில் டூனா தூவி வரலாம். ‘சேம் கார்ன், சேம் பெய்ஷ், சேம் ஓவு’ என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், முட்டை வேண்டாம். எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது.

பார்த்தால் சைவம்போல ஏமாற்றுபவை: கால்டோ வேர்ட் எனும் பச்சைக் கீரை சூப்பில் பன்றித் தொத்திறைச்சி வட்டம் ஒன்று மிதக்கும், அதை எடுத்துப் போட்டாலும் கொதித்தது அதோடுதான். பக்கத்து ஊரான லமேகோவின் ‘போலா’ ரொட்டிக்குள் பன்றி இறைச்சி. கோவா வழியாகப் போய்ச் சேர்ந்த சமோசா ‘ஷமூசா’ என்ற பெயரில் கடைகளில் இருக்கும், உள்ளே பெரும்பாலும் இறைச்சி. பாஷ்டல் டி நாட்டாவில் முட்டை. பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பை நொதி இருக்கலாம், அம்மா அதுவும் பார்ப்பவரென்றால் தவிர்த்துவிடுங்கள்.

நிம்மதியாகச் சாப்பிடக் கூடியவை: ஃபவாய்ஸ் ஊரின் நான்கு மூலைக் கோதுமை ரொட்டி, ஆலிவ் எண்ணெய், ஆலிவ் காய், பாதாம், அத்தி, திராட்சை, தக்காளி, உருளைக்கிழங்கு. ஆனால் இரண்டு நாள் ரொட்டியும் எண்ணெயும் என்றால் அம்மா வாடிவிடுவார். சமையலறை உள்ள வீடாக எடுங்கள். பின்யாவ் சின்ன ஊர், அரிசி, தயிர், காய்கறியைப் போர்ட்டோவிலேயே வாங்கிவிடுங்கள். ரசப்பொடியும் புளிக்காய்ச்சலும் பெட்டியில் வரட்டும்.

உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி வைப்பார்கள். அது ‘கூவேர்’, இலவசம் அல்ல. தொடாவிட்டால் காசு இல்லை, வேண்டாமென்றால் திருப்பி அனுப்பலாம். மதியம் 12:30 முதல் 3 மணி, இரவு 7:30-க்கு மேல். இடையில் சமையலறை மூடியிருக்கும், அப்பாவுக்குச் சர்க்கரை இறங்காமல் பையில் ஏதாவது வைத்திருங்கள். ‘ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்’ என்று டோரோக்காரர்கள் தங்கள் வானிலையைச் சொல்வார்கள். செப்டம்பர் கடைசியிலும் நண்பகல் வெயில் சுடும், தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம்.

---

வளைவுப்பாதை

பாட்டில் கேள்வி விட்டுப்போயிருக்கிறது. இந்தியாவுக்குள் தீர்வை இல்லாமல் பெரியவர் ஒருவருக்கு 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் 1.5, மூன்று என்றால் 2.25, தாண்டிவிடும். இரண்டு முழு பாட்டிலோடு ஒரு 375 மில்லி அரை பாட்டில் சேர்த்தால் 1.875, சரியாக அடங்கும். போர்ட் 24 சதவீதத்துக்குக் கீழே என்பதால் விமானப் பாதுகாப்பு விதியில் அளவுத் தடை இல்லை, எடைதான் தடை: பாட்டில் ஒன்றுக்குச் சுமார் 1.3 கிலோ. கைப்பையில் வைக்க முடியாது, பெட்டிக்குள் துணி சுற்றி நடுவில் வையுங்கள். விமான நிலையக் கடையில் வாங்கி இடையில் வேறு விமானம் மாறுவதானால், முத்திரையிட்ட பையைச் சென்னை வரை பிரிக்கக் கூடாது.

பரிசுக்கு டானி வாங்குங்கள். 10 ஆண்டு டானி திறந்த பிறகும் குளிர்பெட்டியில் சில வாரம் தாங்கும், அடியில் மண்டி இராது, கையால் திருகி எடுக்கும் மூடி. ஒரே ஆண்டுப் பழத்தில் செய்து பாட்டிலுக்குள் முதிரும் விண்டேஜ் போர்ட்டைத் திறந்தால் இரண்டு மூன்று நாளில் முடித்தாக வேண்டும், வடிக்கவும் வேண்டும். ‘கொல்யேட்டா’ என்றிருந்தால் ஒரே ஆண்டு அறுவடை, குறைந்தது 7 ஆண்டு மரத்தில் இருந்தது. பின்லேபிளில் பாட்டிலில் அடைத்த ஆண்டும் இருக்கும், இரண்டையும் கழித்தால் பீப்பாயில் இருந்த காலம் தெரியும்.

---

தென்கரை72

எல்லாருக்கும் மிக்க நன்றி. மாற்றிய திட்டம்: 22 போர்ட்டோ, 23 காலை ரயிலில் பின்யாவ், இரண்டு இரவு, நடந்து போகும் இரண்டு கின்டா, படகு ஒரு முறை, 25 திரும்பி 26 விமானம். போர்ட்டோவுக்கு எதிரே, ஆற்றுக்கு அக்கரையில் காயா ஊரில் இருக்கும் ஒயின் கிடங்குகளை 22-ஆம் தேதியே பார்த்துவிடலாமா?

---

கல்தொட்டி

22 வேண்டாம், 25 மாலை வையுங்கள். 1756-இல் எல்லை வகுத்த நாள் முதல் திராட்சை விளைவது மேலே பள்ளத்தாக்கில், ஒயின் முதிர்வது பெரும்பாலும் கீழே காயாவில், கடல் காற்றின் ஈரத்தில். 1986 வரை ஏற்றுமதியே காயா வழியாகத்தான் நடந்தாக வேண்டியிருந்தது. மேலே வெயிலையும் கல்லையும் மிதிதொட்டியையும் பார்த்துவிட்டுக் கிடங்கின் குளிருக்குள் நுழைந்தால், எதற்காகப் பீப்பாய்களை இத்தனை தூரம் படகில் இறக்கினார்கள் என்று யாரும் சொல்லாமலே உடம்புக்குத் தெரியும்.

---

பச்சைமிளகாய்

கல்தொட்டியோடு இதில் ஒத்துப்போக முடியவில்லை. 25 அன்று ரயில் தாமதமானால் காயா போச்சு. 22 மாலை ஒரே ஒரு கிடங்குக்குப் போய் ரூபி, டானி வித்தியாசத்தை மட்டும் நாக்கில் பதித்துக்கொள்ளுங்கள், மேலே போகும்போது கேள்வி கேட்கத் தெரியும். எதுவானாலும் அப்பாவுக்காக ஒன்று: லூயிஸ் பாலத்தின் மேல்தளத்தில் மெட்ரோவிலேயே அக்கரை போகலாம். ஆனால் கிடங்குகள் கீழே கரையோரம் இருக்கின்றன, இறங்கும் சந்துகள் செங்குத்து. மேலே இறங்கியதும் கேபிள் காரில் கீழே போய்விடுங்கள், முட்டி பிழைக்கும்.