வேல்ஸில் காடும் மலையுமாக நடக்க எந்த ஊரில் தங்கலாம்? அம்மாவும் பையனும் கூட வருகிறார்கள்

மிட்லேண்ட்ஸ்மயில்:

வணக்கம் மக்களே. அக்டோபர் ஹாஃப் டேர்ம் விடுமுறையில் பர்மிங்ஹாமிலிருந்து வேல்ஸ் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், ஒன்பது வயதுப் பையன், அப்புறம் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மா தினமும் நடக்கிறவர், சமதளத்தில் எங்களையே முந்திவிடுவார், ஆனால் முழங்கால் கொஞ்சம் தகராறு. ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போதுதான் வலிக்கிறது என்கிறார்.

எங்கே தேடினாலும் ஸ்னோடன் உச்சி, பென் அ வான் உச்சி என்றே வருகிறது. எங்களுக்கு உச்சியெல்லாம் வேண்டாம். மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டும், பக்கத்தில் ஓடை ஓடினால் நல்லது, எங்காவது ஓர் இடத்தில் காடு விலகி மலை தெரிந்தால் போதும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முடிகிற வழிகள். கார் இருக்கிறது, ஆனால் ஒரு வண்டி மட்டும் போகிற, இரண்டு பக்கமும் கல்சுவர் எழுப்பிய அந்தச் சாலைகளில் யார் ஓட்டுவது என்று எங்களுக்குள் சண்டையே வரும். அதனால் தங்குகிற ஊரிலிருந்தே நடந்து கிளம்புகிற மாதிரி இருந்தால் நிம்மதி.

வடக்கா தெற்கா? ஃபோனில் மேப் இருந்தால் போதுமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

ஈரச்சாக்ஸ்:

கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. தங்கும் ஊரிலிருந்தே நடக்க வேண்டும், காடு வேண்டும் என்றால் வடக்கே பெட்டூஸ்-அ-கோயிட். எரரி (ஸ்னோடோனியா) தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சின்ன ஊர். ரயில் நிலையம் ஊர் நடுவிலேயே இருக்கிறது, லாண்டுட்னோ ஜங்ஷனில் மாறி வரலாம், கார் சண்டையே வேண்டாம். ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் க்விடிர் காடு.

முதல் நாள் லின் எல்சி ஏரிக்குப் போங்கள். ஊரில் உள்ள செயின்ட் மேரீஸ் தேவாலயத்துக்குப் பின்னாலிருந்து பாதை ஏறுகிறது. தொடக்கம்தான் மூச்சு வாங்கும், அதுவும் அகலமான காட்டுச்சாலைதான், கல்லில் கை வைத்து ஏறுகிற வேலையெல்லாம் இல்லை. மேலே போனதும் மரங்கள் விலகி ஏரி, ஏரிக்குப் பின்னால் மோயல் ஷாபோட் மலை (872 மீட்டர்). நீங்கள் கேட்ட 'காடு விலகி மலை தெரிகிற இடம்' இதுதான். ஏரியைச் சுற்றிவிட்டு வேறு பாதையில் இறங்கலாம். அம்மாவின் முழங்காலுக்காக ஒரு யோசனை: செங்குத்தான பக்கமாக ஏறி, சரிவு குறைந்த காட்டுச்சாலை வழியாக இறங்குங்கள். நிறையப் பேர் தலைகீழாகச் செய்துவிட்டு மறுநாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு ஜோடி நடைக்கோல் இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு மட்டுமாவது வாங்கிவிடுங்கள், இறக்கத்தில் பாதிச் சுமையைக் கை வாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, லுக்வி ஆற்றங்கரை. பான்ட்-அ-பேர் பாலத்திலிருந்து ஆற்றை ஒட்டியே மேல்நோக்கிப் போகும் பாதை. இங்கே இருப்பது வரிசையாக நட்ட ஊசியிலை மரங்கள் இல்லை, பழைய ஓக். மழை அதிகம், குளிர் கடுமை இல்லை, அதனால் இந்தப் பள்ளத்தாக்குகளில் மிதவெப்ப மழைக்காடு மாதிரி ஒன்று உருவாகியிருக்கிறது. கல்சுவரே கண்ணுக்குத் தெரியாது, பாசி அவ்வளவு கனம், விரலை அழுத்தினால் இரண்டு கணு உள்ளே போகும். ஓக் கிளைகளின் மேலேயே பெரணி வரிசையாக முளைத்திருக்கும். பையனிடம் ஒரு பூதக்கண்ணாடி கொடுத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் இருநூறு அடிகூட நகர மாட்டான், அதற்கும் சேர்த்து நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் மைனர்ஸ் பிரிட்ஜ் என்று ஒரு மரப்பாலம், ஏணி போல ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சாய்வாக ஏறும். சுரங்கத் தொழிலாளிகள் வேலைக்குப் போன வழி அது.

சுரங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. க்விடிர் காட்டுக்குள் 19ஆம் நூற்றாண்டு ஈய, துத்தநாகச் சுரங்கங்களின் இடிபாடுகள் நிறைய. ஹாவ்னா என்ற இடத்தில் தாது அரைத்த ஆலையின் சுவர்கள் மலைச்சரிவில் படிப்படியாக நிற்கின்றன, பார்க்க வேண்டியது. ஆனால் வேலி போட்ட குழிகள் பக்கம் பையனை விடாதீர்கள், அவற்றில் பல ஆழமான பழைய சுரங்க வாய்கள்.

கால் இன்னும் ஓடினால் ட்ரெவ்ரியூ ஊரிலிருந்து லின் க்ராவ்னன்ட், லின் கைரியோனித் இரண்டு ஏரிகளையும் சேர்த்து ஒரு சுற்று உண்டு. அது உங்கள் மூன்று மணி நேரத்தைத் தாண்டும்.

ஒன்று முக்கியம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்கப்புறம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மரங்களுக்குள் அதற்கும் முன்னாலேயே இருட்டிவிடும். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்கிற நம்மூர்ப் பழக்கம் அங்கே எடுபடாது. காலை பத்துக்குள் கிளம்புங்கள், ஒரு தலைவிளக்கு பையில் இருக்கட்டும்.

கார்டிஃப்கார்த்தி:

வடக்கு வடக்கு என்றே எல்லோரும் சொல்கிறார்கள், தெற்கில் இருக்கிறவன் நான் கொஞ்சம் சண்டை போட வேண்டாமா?

காடும் தண்ணீரும் சேர்ந்து வேண்டும் என்றால் ப்ரெகன் பீக்கன்ஸ் (2023இலிருந்து பூங்காக்காரர்கள் பன்னாய் ப்ரக்கைனியோக் என்றுதான் எழுதுகிறார்கள்) பகுதியின் தெற்கு ஓரத்து அருவி நாடுதான். அஸ்ட்ராட்வெல்டே பக்கம் மெல்டே, ஹெப்ஸ்டே ஆறுகளில் நான்கு அருவிகளைச் சேர்த்து ஒரே நடை. நான்காவது ஸ்கூட் அர் எய்ரா, அதன் பின்னாலேயே நடந்து போகலாம். மேலே கெட்டியான மணற்பாறை, அடியில் மென்மையான களிப்பாறை. அடியில் இருப்பதைத் தண்ணீர் அரித்துத் தின்றுவிட, மேல்பாறை கூரை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு காலத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்த வழியாகவே ஆற்றைக் கடந்திருக்கிறார்கள். பையன் வாழ்நாளில் மறக்க மாட்டான்.

ஆனால் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், அந்த அருவிக்கு இறங்குவது செங்குத்தான படிக்கட்டு, போன வழியே ஏறி வர வேண்டும். வேர்களும் ஈரப்பாறையும் வழி முழுக்க. அம்மாவுக்கு அது வேண்டாம். அவருக்கு பான்ட்நெத்வெக்கன் ஊரிலிருந்து கிளம்பும் எலிடிர் பாதை. ஆற்றை ஒட்டியே ஸ்கூட் க்வ்லாடிஸ் அருவி வரை போய்த் திரும்பினால் அதிக ஏற்ற இறக்கம் இல்லை. கணவரும் பையனும் ஒரு நாள் பெரிய சுற்று, அம்மாவோடு நீங்கள் ஒரு நாள் சின்னது, இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அம்மா வருகிறார் என்பதால் இன்னொன்று. கார்மார்தன்ஷயரில் ஸ்கந்த வேல் இருக்கிறது, இலங்கையிலிருந்து வந்த குரு ஒருவர் 1973இல் தொடங்கியது. முருகன், சக்தி, ரங்கநாதர் என்று மூன்று கோவில்கள், ஒரு மரச்செறிவான பள்ளத்தாக்குக்குள். அங்கே போகிறவர்கள் பலர் கும்பிட்டுவிட்டு நேரே வீடு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்து ப்ரெக்வா காட்டில் குறித்து வைத்த நடைபாதைகள் இருப்பது தெரிந்தால் ஒரு நாள் கூட்டித் தங்குவார்கள்.

மிட்லேண்ட்ஸ்மயில்:

இரண்டு பேருக்கும் நன்றி. ஸ்கந்த வேல் என்றதும் அம்மா தெற்குக்கு ஓட்டுப் போட்டுவிட்டார், ஆனால் ரயிலும் முழங்காலும் வடக்கு பக்கம் இழுக்கின்றன. இன்னும் இரண்டு சந்தேகம். வயல்களுக்கு நடுவே பாதை போனால் அது யாருடைய நிலமோ, உள்ளே போகலாமா? அப்புறம் அம்மா கேட்கச் சொன்னார், அட்டை உண்டா?

வரைபடப்பித்தன்:

அம்மாவுக்கு முதலில் பதில். வால்பாறையில் காலில் ஏறுகிற மாதிரி அட்டை இங்கே இல்லை, நிம்மதியாக வரச் சொல்லுங்கள். உண்ணி உண்டு. பெரணிப் புதரிலும் நீளமான புல்லிலும் உட்கார்ந்திருக்கும், லைம் நோயைப் பரப்பக்கூடியது. அக்டோபர் கடைசியில் குறைந்துவிடும், அடியோடு போய்விடாது. கால்சட்டையை சாக்ஸுக்குள் விடுங்கள், இரவு பையனின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுக்க வேண்டும். எண்ணெய் வைப்பது, நெருப்புக் காட்டுவது எல்லாம் கூடாது. பிறகு சில வாரங்களுக்குள் வட்டமாகச் சிவப்பு படர்ந்தால் டாக்டரிடம் போங்கள்.

நிலம் பற்றி. இங்கே பொதுவழி உரிமை என்று சட்டப்படி ஒன்று உண்டு. தனியார் வயலாக இருந்தாலும் பொது நடைபாதை குறித்திருந்தால் தாராளமாக நடக்கலாம். மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும், நீலம் என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும்கூட. அது தவிர மேய்ச்சல் மலைகளில் பெரும்பகுதி 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் 'திறந்த நிலம்', வேல்ஸில் 2005 மே மாதத்திலிருந்து அங்கே பாதையை விட்டு விலகியும் நடக்கலாம். திறந்திருந்த கதவைத் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்ததை மூடிவிட்டுப் போங்கள், விவசாயி கேட்பது அவ்வளவுதான். கன்றோடு மாடு நின்றால் நடுவே புகாமல் சுற்றிப் போங்கள். நம் ஊர் மாடு மாதிரி தட்டிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஃபோன் மட்டும் போதாது. பள்ளத்தாக்குகளில் சிக்னல் காணாமல் போகும், குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும். ஓ.எஸ். (பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனம்) எக்ஸ்ப்ளோரர் வரைபடம் (1:25,000, ஆரஞ்சு அட்டை) ஒன்று வாங்குங்கள். பெட்டூஸ் பக்கத்துக்கு ஓ.எல். 17. அதில் பச்சைக் கோடு கோடாக இருப்பவை பொதுவழிகள். காகிதம் வாங்கினால் ஃபோனில் இறக்கிக்கொள்ளும் குறியீடும் உள்ளேயே இருக்கும்.

நேரக்கணக்கு எளிது. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன கணக்கைத்தான் இன்றும் போடுகிறார்கள்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. லின் எல்சி சுற்று சுமார் 6 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 200 மீட்டர் என்று வைத்தால் ஒன்றரை மணி நேரம் வருகிறது. அது நிற்காமல் நடக்கிற ஆளுக்கு. பையன், பாசி, ஃபிளாஸ்க் தேநீர், அம்மாவின் இறக்கம் எல்லாம் சேர்த்தால் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

காட்டில் இன்னொரு சங்கடம், மரம் வெட்டும் வேலை. 2010இல் வேல்ஸின் லார்ச் மரங்களில் ஒரு பூஞ்சை போன்ற நோய் கண்டுபிடிக்கப்பட்டது, அதிலிருந்து மலைமலையாக வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். வரைபடத்தில் காடு என்று இருக்கும், நேரில் மொட்டை. பாதையை மூடி மாற்றுவழி போட்டிருந்தால் கயிற்றைத் தாண்டிப் போகாதீர்கள், வெட்டிய மரம் உருண்டு வரும்.

ஆபத்து என்றால் 999 அடித்து முதலில் போலீஸ் கேளுங்கள், அப்புறம் மலை மீட்புக்குழு வேண்டும் என்று சொல்லுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். 999க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம், ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டிலிருந்தே register என்பதை ஆங்கில எழுத்தில் 999க்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

ஈரச்சாக்ஸ்:

பித்தன் அண்ணன் சொன்னதோடு ஒன்று: ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயவே காயாது, காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஸ்னோடன் பக்கத்து க்ரிப் கோக் முகட்டில் வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நீங்கள் அங்கே போகவில்லை என்றாலும் அந்த மேகம்தான் உங்கள் தலைக்கு மேலும் நிற்கும்.

பெத்கெலர்ட்பேத்தி:

பெட்டூஸில் தங்கினால் ஒரு நாள் பெத்கெலர்ட் வந்துவிடுங்கள். எல்லோரும் போகும் அபர்க்ளாஸ்லின் பள்ளத்தாக்கின் மீனவர் பாதை அழகுதான், ஆனால் பாறையில் அடித்திருக்கும் இரும்புப் பிடிகளைப் பிடித்துக்கொண்டு, காலடியில் ஆறு சீறிக்கொண்டிருக்க, கடக்க வேண்டிய இடம் உண்டு. மழை பெய்து ஆறு ஏறியிருந்தால் போகவே கூடாது. அம்மாவுக்கு ஊரிலிருந்து கெலர்ட் என்ற நாயின் சமாதி வரையான ஆற்றங்கரைப் பாதை போதும், சமதளம்.

அந்தச் சமாதிக் கதையை அம்மாவே பையனுக்குச் சொல்லலாம். இளவரசன் லெவலின் வேட்டையிலிருந்து திரும்புகிறான், நாயின் வாயில் ரத்தம், தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. நாயைக் குத்திவிட்டு அப்புறம் பார்த்தால் குழந்தை சுகம், பக்கத்தில் செத்துக் கிடப்பது ஓநாய். நம்ம கீரிப்பிள்ளை கதை அப்படியே! சமாதியும் 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஊருக்கு ஆள் வரவழைக்க விடுதிக்காரர் ஒருவர் ஏற்படுத்தியது என்கிறார்கள். அதனால் என்ன, பூ வைக்கிறவர்கள் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மிட்லேண்ட்ஸ்மயில்:

சரி, பெட்டூஸ் முடிவாகிவிட்டது, அறையும் போட்டாயிற்று. ஸ்கந்த வேல் வசந்தத்தில் தனியாக. பெத்கெலர்டுக்கு பெட்டூஸிலிருந்து பேருந்தில் போய் வர முடியுமா, இல்லை அந்தக் கல்சுவர்ச் சாலைதானா?

பெத்கெலர்ட்பேத்தி:

முடியும். ஷெர்ப்பா அர் வித்வா என்ற பேருந்துகள் ஸ்னோடனைச் சுற்றி ஓடுகின்றன, பென்-அ-பாஸ் என்ற கணவாயில் மாற வேண்டியிருக்கலாம். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் அட்டவணை வேறு, அக்டோபர் கடைசியில் நடை குறைந்துவிடும், அதனால் கிளம்புகிற வாரத்தில் புது அட்டவணையைப் பார்த்து, திரும்பி வரும் கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு அதிலிருந்து பின்னோக்கித் திட்டம் போடுங்கள். கார்தான் என்றால் ஏ498 சாலை இரண்டு வண்டி போகிற சாலைதான், பயப்படாதீர்கள். பென்-அ-பாஸில் மட்டும் காரை நிறுத்த நினைக்காதீர்கள், சீசனில் முன்பதிவு இல்லாமல் இடமே கிடையாது.