ஒடிசி: வரி எண் பொருந்தும் மொழிபெயர்ப்பு எது?

நாங்கள் நான்கு பேர் மூன்று மாதமாக ஞாயிறுதோறும் ஹோமரின் பண்டைக் கிரேக்கக் காப்பியமான ஒடிசியை வாய்விட்டு வாசிக்கிறோம். என்னிடம் எமிலி வில்சனின் மொழிபெயர்ப்பு (2017), மற்றவர்களிடம் ராபர்ட் ஃபேகிள்ஸ் (1996). இரண்டும் ஆங்கிலச் செய்யுள்தான், ஆனால் வரி எண்கள் பொருந்தவே இல்லை. வில்சன் கிரேக்க மூலத்தில் உள்ள அதே எண்ணிக்கையில் வரிகளை முடிக்கிறார். ஃபேகிள்ஸ் நூலின் ஓரத்தில் இருப்பது அவருடைய ஆங்கில வரிகளின் கணக்கு.

போன வாரம் 22ஆம் காண்டம். காப்பிய நாயகன் ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸ் 12 அடிமைப் பெண்களைத் தூக்கிலிடும் இடம், மூலத்தில் 468 முதல் 473 வரை. வலையில் சிக்கிய பறவைகளைப் போல அவர்கள் தொங்க, கால்கள் கொஞ்ச நேரமே துடித்து அடங்கும். நெஞ்சை உலுக்கும் வரிகள். ஆளுக்கொரு பக்கம் தேடியதில் அந்தக் கனமே கலைந்துவிட்டது.

பென்சிலால் மூல எண்களைக் குறித்துப் பார்த்தோம். ஒரு காண்டத்துக்கே ஒரு மாலை முழுதும் போனது. அப்புறம் ஓர் உரைநடை மொழிபெயர்ப்பை நடுவில் வைத்தோம். இடம் கிடைத்தது, தாளம் போனது.

மூல வரி எண்களை ஒட்டியே போகிற, வாய்விட்டு வாசிக்கவும் சுகமான வேறு செய்யுள் மொழிபெயர்ப்பு எது?