பலகாரப் பை தைச்சுக் கொடுத்தவங்க, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

களியக்காவிளை அக்கா:
போன கிறிஸ்துமஸ்ல நடந்தது, இன்னும் மனசைப் போட்டு அறுக்குது. ஞாயிறு வகுப்புப் பிள்ளைங்களுக்கு 24 பை தைச்சேன். நம்ம சுருக்குப் பைதான். காடா துணி (வெளுக்காத பருத்தி), சிவப்பு நாடா, முன்பக்கம் ஒரு நட்சத்திரம். உள்ளே நாலு முந்திரிக்கொத்து, ரெண்டு அச்சு முறுக்கு, ஒரு துண்டு கேக். 24-ந்தேதி ராத்திரி ஆராதனை முடிஞ்சதும் வாசல்ல நின்னு கொடுத்தேன். ஆறு வயசுப் பையன் ஒருத்தன் வாங்கிட்டுப் போய்ப் படிக்கட்டுல உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்துல திரும்பி வந்தான். பலகாரத்தை எல்லாம் புதுச்சட்டையோட முன்பக்கத்தைத் தூக்கி அதுக்குள்ள போட்டிருந்தான். மறுகையில பை, நாலா மடிச்சிருந்தது. "அக்கா, உங்க பை"ன்னு நீட்டினான்.

அடுத்த பிள்ளைக்குக் கொடுக்குற அவசரத்துல நான் வாங்கி மேசைமேல வெச்சுட்டேன். வீட்டுக்கு வந்து சாமானை எடுத்து வைக்கும்போதுதான் உறைச்சது. அவனுக்குன்னு தைச்சதை நானே திருப்பி வாங்கியிருக்கேன்.

கொழிஞ்சாம்பாறை:
அக்கா, படிச்சதும் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்தது. எங்க பக்கம் விஷுவுக்குப் பிள்ளைங்களுக்குக் கைநீட்டம் கொடுப்போம். காசை வெறுங்கையில கொடுத்தா அன்னைக்கே தொலைச்சுடுதுங்கன்னு மிச்சத் துணியில குட்டிப் பைங்க தைச்சுக் கொடுத்தேன். மூணு மாசம் கழிச்சு பொள்ளாச்சி பஸ்ல எனக்கு முன் சீட்டுல ஒரு பாட்டி. இடுப்புல செருகியிருந்த சுருக்குப் பையை எடுத்து டிக்கெட்டுக்குக் காசு எண்ணினாங்க. நான் தைச்ச பை! மஞ்சள் பூப்போட்ட அந்தத் துணி என் பழைய சுடிதார், தெரியாமப் போகுமா? பேரன் கொடுத்தானா, பாட்டியே எடுத்துக்கிட்டாங்களான்னு கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கல. இறங்குற வரைக்கும் அந்தப் பையையே பார்த்துட்டு இருந்தேன்.

புளியரை:
எனக்கு நல்லதா ஒண்ணும் நடக்கல. கிறிஸ்துமஸ்னா சிவப்புதானேன்னு சிவப்பு பாப்ளின்ல தைச்சேன், நனைச்சுப் பார்க்காம. காலையில நல்ல பனி. அண்ணன் மக வெள்ளை கவுன் போட்டுக்கிட்டுப் பையை நெஞ்சோட அணைச்சு வெச்சிருந்தா. ஈரத்துல சாயம் இறங்கி, கவுன்ல பை அளவுக்கு சிவப்பு. குனிஞ்சு பார்த்தா. அழவே இல்ல. பையை முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டு "அத்தே, நான் ஒண்ணும் பண்ணல"ன்னு சொன்னா. அந்த முகம் போக மாட்டேங்குது.

கம்பம்மெட்டு:
கல் உப்புத் தண்ணியில ஒரு ராத்திரி ஊற வெச்சிருந்தா சாயம் போயிருக்காது. அதைச் செய்யாம விட்டது உங்க தப்பு. இல்லாட்டி கடையிலயே துணிப்பை சல்லிசாக் கிடைக்குதே, வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே.

நகரி நெசவு வீடு:
கம்பம்மெட்டு அண்ணா, ரெண்டுமே சரியில்ல. புளியரை அக்காவைத் தப்புன்னு சொன்னதால எழுதுறேன்.

உப்பு வேலை செய்யுறது சாயத் தொட்டியில. சாயம் நூலுக்குள்ள ஏறுறதுக்கு அது உதவும். கடைக்கு வந்த துணியை உப்புத் தண்ணியில போட்டு ஒண்ணும் நிக்காது. நூல்ல பிடிக்காம மேலோட ஒட்டியிருக்குற சாயத்தைக் கழுவி எடுக்கணும், அவ்வளவுதான். வெந்நீர், சோப்பு, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும். அப்புறம் ஈரத் துணி மேல வெள்ளைக் கைக்குட்டையை வெச்சு அழுத்துங்க. கைக்குட்டை வெள்ளையாவே இருந்தா தைக்கலாம்.

நீங்க சொல்ற கடைப் பை 'நான்-ஓவன்' (non-woven), அதாவது நெய்யாத ரகமா இருந்தா அது துணியே இல்ல, பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1, கேரளாவுல 2020 ஜனவரி 1, ஒருதடவை தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது எதுக்கு?

காடா வாங்கினா வெட்டுறதுக்கு முன்னாடி துவைச்சே ஆகணும், சுருங்கும். ஒரு பைக்கு 9 இன்ச் அகலம், 26 இன்ச் நீளம்னு ஒரே துண்டா வெட்டி அடியில மடிச்சுடுங்க, அடித்தையல் மிச்சம். 36 இன்ச் பன்னா, அதாவது துணியோட முழு அகலம், இருக்குற துணி 4 மீட்டர்ல 24 பை சரியா வரும். ஆனா துவைச்சதும் நீளமும் பன்னாவும் குறையுமே, அதனால நாலரை மீட்டர் வாங்கி, அகலத்தை எட்டரையா வெச்சுக்கோங்க. பக்கத் தையலை முதல்ல வெளிப்பக்கம் கால் இன்ச்சுல அடிச்சு, பிசிறை வெட்டி, உள்ளே திருப்பி இன்னொரு தையல் போடுங்க. பிசிறு உள்ளேயே அடங்கிடும், முறுக்குல நூல் வராது. எண்ணெய்ப் பலகாரம்னா வாட்டின வாழையிலையில பொதிஞ்சு வைங்க.

என் கதை சின்னது. போகி அன்னைக்கு சாயங்காலம் குழந்தைங்க தலையில இலந்தைப்பழம், கரும்புத் துண்டு, சில்லறை, பூ எல்லாம் கலந்து கொட்டுவோம், போகி பள்ளுன்னு. அதைப் பொறுக்க ஒரு பை தைச்சேன். என் பொண்ணு காசை விட்டுட்டுப் பழத்தை மட்டும் பொறுக்கினா. நசுங்கின கறை இன்னும் அந்தப் பையில இருக்கு. துவைக்க மனசு வரல.

குமுளி:
நாடாவைப் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். நீளமா விட்டு, கழுத்துல மாட்டுற மாதிரி தைச்சுக் கொடுத்தேன். அக்கா பையன் அதை மாட்டிக்கிட்டு இரும்புக் கேட்டுல ஏறிக் குதிச்சான். நாடா கம்பியில மாட்டிடுச்சு. முடிச்சு அவிழ்ந்ததால பிழைச்சான். முடிச்சு சரியாப் போடலையேன்னு அன்னைக்குக் காலையிலதான் என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். பையை மூடுற அளவுக்கு மட்டும் நாடா விடுங்க. தூக்கிப் பிடிக்க மேல ஒரு சின்னக் காது தைச்சாப் போதும். கழுத்துக்கு வேண்டவே வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை:
களியக்காவிளை அக்கா, அந்தப் பையன் ஏன் திருப்பிக் கொடுத்தான்னு யோசிச்சேன். பக்கத்து வீட்டுல இருந்து பலகாரம் வந்தா பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கணும்னு அவங்க அம்மா பழக்கியிருப்பாங்க. பையையும் அவன் பாத்திரமா நினைச்சிருக்கான். வீடு தெரிஞ்சா கொண்டு போய்க் கொடுங்க. வெறும் பையாக் கொடுக்காதீங்க.

களியக்காவிளை அக்கா:
அந்தப் பை மிஷின் டிராயர்லதான் கிடக்கு. அவன் மடிச்ச மடிப்பைக் கூட நான் பிரிக்கல. வீடு தெரியும்மா, பாறசாலை போற வழியிலதான். நீங்க சொன்னதும் சிறுபயறு வறுக்க அடுப்புல போட்டுட்டேன். நாளைக்குப் பாகு காய்ச்சி முந்திரிக்கொத்து பிடிச்சுடுவேன். நாடாவை மட்டும் இன்னைக்கு ராத்திரி உருவிட்டு, குமுளி சொன்ன மாதிரி சின்னதா மாத்தணும்.