டிராவுட் ஒன்றுகூட மாட்டவில்லை, லைன் சுருள் சுருளாக நிற்கிறது – உதவி தேவை

சுங்கைசிப்புட்_தூண்டில்:
வணக்கம். நான் பேராக்கில் லிந்தாங் பக்கம் சுங்கை பிளஸ் ஆற்றில் ஃப்ளை (பூச்சி மாதிரி கட்டிய செயற்கை இரை) போட்டு செபாராவ் என்கிற ஆற்று மீன் பிடிக்கிறவன். அக்கா குடும்பம் நியூசிலாந்தில், ஹாமில்டனில் இருக்கிறது. போன ஜூலையில் மச்சான் என்னைத் தூராங்கிக்குக் கூட்டிப் போனார், தொங்கரீரோ ஆற்றுக்கு. குளிர்காலத்தில் தௌப்போ ஏரியிலிருந்து ரெயின்போ டிராவுட் முட்டையிட ஏறி வருகிற ஆறு அது. பக்கத்தில் நின்றவர்கள் மீன் தூக்கிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு ஒன்று கூட இல்லை.

லைன் தண்ணீரில் நேராகப் படுக்கவில்லை, சுருள் சுருளாகவே கிடந்தது. தக்கை கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும், அப்புறம் பக்கவாட்டில் இழுபடும். கனமான நிம்ஃப் (தண்ணீருக்கடியில் போகிற இளம்பூச்சி மாதிரி ஃப்ளை) வீசினால் பாதி நேரம் சிக்கல். காலையில் கம்பின் வளையங்களில் ஐஸ் வேறு. கம்பு 6 வெயிட், லைன் மிதக்கிற வகை, இங்கே செபாராவுக்குப் போடுகிற அதே லைன். இந்த ஜூலையிலும் போகிறேன். எதை மாற்ற வேண்டும்?

தாப்பா_மணி:
தம்பி, முதலில் ஆழத்தைப் பாருங்கள். செபாராவ் மாதிரி துரத்தி வந்து அடிக்கிற மீன் இல்லை இது. தண்ணீர் ரொம்பக் குளிர்ந்தால் டிராவுட் உடம்பு மந்தமாகிவிடும். ஆழமான, ஓட்டம் குறைந்த இடத்தில் அடியோடு அடியாகக் கிடக்கும், ஓர் அடி தள்ளிப் போகிற பூச்சிக்குக்கூட நகராது. மூக்குக்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தக்கையிலிருந்து ஃப்ளை வரை, தண்ணீர் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு விடுங்கள். நடுநடுவே கல்லில் தட்டவில்லை என்றால் மேலேயே போகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, நம் ஊர்ப் பழக்கத்தில் லைனைச் சுண்டிச் சுண்டி இழுத்தீர்களா? அங்கே அது வேண்டாம். தண்ணீர் போகிற வேகத்திலேயே ஃப்ளையும் போக வேண்டும்.

சுங்கைசிப்புட்_தூண்டில்:
அண்ணே, கல்லில் நன்றாகவே தட்டியது. மாட்டி அறுந்த நிம்ஃப்களுக்குக் கணக்கில்லை. இழுக்கவும் இல்லை, மச்சான் முன்பே சொல்லிவிட்டார்.

பழைய_ரீல்:
லைன் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது?

சுங்கைசிப்புட்_தூண்டில்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 'டிராபிக்கல்' என்று இருக்கிறது. எல்லா ஊருக்கும் இது போதும் என்றுதான் கடையில் சொன்னார்கள்.

பழைய_ரீல்:
அங்கேதான் கோளாறு. வெப்ப நாட்டு லைனின் மேல்பூச்சைக் கொஞ்சம் கெட்டியாகச் செய்வார்கள். இல்லாவிட்டால் நம் வெயிலில் இளகி வளையத்தில் ஒட்டும், வீச்சு போகாது. அதே கெட்டிப் பூச்சு குளிரில் விறைத்துவிடும். ரீலில் சுற்றியிருந்த வடிவத்தை விடாமல், கம்பி ஸ்பிரிங் மாதிரி நிற்கும்.

மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. சுருள் கிடக்கிற லைனை மெண்ட் செய்ய முடியாது, அதாவது ஓட்டம் தக்கையை இழுக்காதபடி லைனை எடுத்து மாற்றிப் போட முடியாது. தூக்கி மேல்பக்கம் போட்டாலும் திரும்பி வந்து தக்கையை இழுக்கும். தக்கை இழுபட்டால் நிம்ஃப் அடியிலிருந்து எழும்பிவிடும். கல்லில் தட்டியது வீச்சின் முதல் பாதியில் மட்டும்தான் என்று பந்தயம் கட்டுவேன். மீன் தொட்டே இருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. குளிரில் அது மெதுவாக வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடும், நீங்கள் கம்பைத் தூக்குகிற தூக்கல் சுருளை நேராக்குவதற்கே சரியாகப் போகும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். பாசாரில் மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, ஒரு வாளித் தண்ணீரில் கொட்டி, லைனின் முன்பகுதி சில மீட்டரை ஊறவிட்டு எடுத்துப் பாருங்கள்.

ஈப்போ_வாசகன்:
இவ்வளவு பாடு எதற்கு? நீலகிரியில் அவலாஞ்சியிலும் டிராவுட் உண்டு, வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது. தமிழிலேயே பேரம் பேசலாம் 😄

சுங்கைசிப்புட்_தூண்டில்:
அங்கே அக்கா வீட்டுச் சாப்பாடு கிடைக்காதே!

வாளிச் சோதனை செய்து பார்த்தேன். அப்படியேதான். கையில் எடுத்தால் ரீல் அகலத்துக்கு வளையம் வளையமாக நிற்கிறது. இரண்டு கையால் இழுத்து நீட்டினால் கொஞ்சம் நேராகிறது, மறுபடி வாளியில் போட்டால் பழைய கதைதான். அப்படியென்றால் 'கோல்ட் வாட்டர்' (குளிர்நீர்) என்று போட்டது வாங்க வேண்டுமா? அதை வைத்து இங்கே பழகலாமா?

பழைய_ரீல்:
ஆமாம், அதைத்தான் வாங்க வேண்டும். மத்தியான வெயிலில் மட்டும் அதை விரிக்காதீர்கள், துணிக்கயிறு மாதிரி தொய்ந்து 'இதுவும் மோசம்' என்று நினைக்க வைக்கும். பழக்கத்துக்குப் பழைய லைனே போதும். பள்ளித் திடலில் நிம்ஃபுக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூல் கட்டிக்கொள்ளுங்கள்.

சிக்கலுக்குக் காரணம் வேறு. செபாராவுக்கு வீசுகிற இறுக்கமான, வேகமான வீச்சில் கனமான நிம்ஃபும் தக்கையும் ஒன்றையொன்று துரத்தும். வேகத்தைக் குறையுங்கள், காற்றில் லைன் போடுகிற வளைவை அகலமாக விடுங்கள். பின்னால் ஒரு முறை, முன்னால் ஒரு முறை, அவ்வளவுதான். காற்றில் ஆட்டிக்கொண்டே இருக்காதீர்கள்.

தாப்பா_மணி:
லைன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, சரியான பிடி. கட்டுவதைப் பற்றி நான் சொல்கிறேன். மேலே டங்ஸ்டன் மணி வைத்த கனமான நிம்ஃப், அதிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவாக விட்டுச் சின்ன நிம்ஃப் அல்லது முட்டை மாதிரி இருக்கிற குளோ பக். பெரியது அடிக்கு இழுக்கும், பெரும்பாலும் மீன் எடுப்பது சின்னதைத்தான். மழை பெய்து ஆறு ஏறி, மறுபடி தெளிய ஆரம்பிக்கிற நேரம்தான் நல்ல நேரம். ஏரியிலிருந்து புது மீன் ஏறும். ஏறுகிற தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள். கெபாலா ஆயர் (ஆற்றில் வருகிற திடீர் வெள்ளம்) பார்த்து வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐஸ் பிடித்தால் நகத்தால் உடைக்க வேண்டாம், வளையம் கெட்டுவிடும். கம்பின் நுனியைத் தண்ணீரில் முக்கினால் கரையும். உதட்டுக்குப் பூசுகிற களிம்பை முன்கூட்டியே வளையத்தில் தடவினால் கொஞ்ச நேரம் தாங்கும்.

சுங்கைசிப்புட்_தூண்டில்:
ரொம்ப நன்றி அண்ணே, இருவருக்கும். லைன் ஆர்டர் செய்துவிட்டேன். கடைசியாக ஒன்று: இங்கே பாறையில் வழுக்காமல் இருக்க ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) அடி வைத்த பூட் வைத்திருக்கிறேன். அதையே கொண்டுபோகலாமா?

பழைய_ரீல்:
கூடாது. டிடிமோ என்கிற பாசி ஆற்றுக்கு ஆறு பரவாமல் இருக்க நியூசிலாந்தில் ஃபெல்ட் அடியைத் தடை செய்திருக்கிறார்கள். ரப்பர் அடிதான். பழைய பூட், வேடர் (தண்ணீரில் இறங்கப் போடுகிற நீர்புகாக் கால்சட்டை), ஃப்ளை எல்லாவற்றையும் கழுவி முழுக்கக் காயவைத்து, விமான நிலையத்தில் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். தௌப்போ பகுதிக்குத் தனி லைசென்ஸ், மற்ற இடத்து லைசென்ஸ் அங்கே செல்லாது. ஜூலை 1-இல் புதுப் பருவம் தொடங்குகிறது, அதனால் ஜூனில் வாங்கினால் எந்தப் பருவத்துக்கு என்று பார்த்து வாங்குங்கள்.