இணைகோட்டுக் கணக்கு: எனக்கு 20 வருகிறது, புத்தகத்தில் 25

கடைசிபெஞ்சு: அவசரம், நாளைக்குப் பரீட்சை. இரண்டு இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டுகிறது, உள்ளே இருக்கிற இரண்டு கோணங்கள் 3எக்ஸ் + 10, 5எக்ஸ் − 30. எக்ஸ் எவ்வளவு? சமப்படுத்தினால் 20 வருகிறது, நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், புத்தகத்தின் பின்பக்கத்தில் 25 என்று இருக்கிறது. எங்கே தப்பு?

மூலைமட்டம்: உள்ளே சரி, எந்தப் பக்கம்? இரண்டும் குறுக்குவெட்டிக்கு ஒரே பக்கமா, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றா? படம் இருந்தால் போடுங்கள்.

அரைத்தூக்கம்: அச்சுப்பிழையாக இருக்கும். பின்பக்க விடைகளை நம்பி நான் ஏமாந்தது கொஞ்சமா? 20 வைத்தால் இரண்டுமே 70, அழகாகப் பொருந்துகிறதே.

பழைய பாகைமானி: அடிப்படை தெரியாமல் நாலு தடவை போட்டால் நாலு தடவையும் அதே தப்புதான் வரும். ஒன்றுவிட்ட உட்கோணம் எது, ஒரே பக்க உட்கோணம் எது என்று இங்கேயே எத்தனை முறை எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கவும்.

கடைசிபெஞ்சு: படம் ஏற மாட்டேன் என்கிறது. இணைகோடு என்றாலே கோணங்கள் சமம்தானே?

மூலைமட்டம்: எல்லாக் கோணமும் இல்லை. படத்தில் இசட் தெரிந்தால், அதாவது பக்கத்துக்கு ஒன்றாக இருந்தால், சமப்படுத்துங்கள்; பக்கவாட்டில் படுத்த 'ப' தெரிந்தால், அதாவது இரண்டும் ஒரே பக்கம் என்றால், கூட்டி 180 வையுங்கள். 8எக்ஸ் − 20 = 180, எக்ஸ் 25, கோணங்கள் 85, 95. உங்கள் 20ஐயே ஒரே பக்கத்தில் வைத்துப் பாருங்களேன்: 70ம் 70ம் சேர்ந்து 140தான், அந்தப் பக்கம் கோடுகளை நீட்டிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் முட்டி, மூன்றாவது கோணம் 40 பாகையாக முக்கோணமே வந்துவிடும். அப்புறம் எங்கே இணை?

அரைத்தூக்கம்: இணைகோடுகளே முடிவிலியில் சந்திக்கும் என்றுதானே சொல்கிறார்கள்?

பழைய பாகைமானி: அது வேறு வடிவியல். இங்கே ஒரே தளத்தில் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காதது தான் இணைகோடு, வரையறையே அதுதான். குழப்பாதீர்கள்.

கோணல்மாணல்: மூலைமட்டம் சொன்ன அந்த "180க்குக் குறைந்தால் முட்டும்" என்பது பழைய கிரேக்கக் கணிதர் யூக்ளிடின் ஐந்தாவது எடுகோள், அதாவது நிறுவாமலே ஏற்றுக்கொண்ட அடிப்படை. மற்ற நான்கை வைத்து அதை நிறுவிவிடலாம் என்று இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டார்கள், நடக்கவில்லை. ரஷ்யக் கணிதர் லொபசேவ்ஸ்கி 1829இல் அதை மறுத்தே ஒரு வடிவியலை அச்சில் கொண்டுவந்தார். அடிப்படை அடிப்படை என்று பையனை விரட்டுகிறீர்களே பாகைமானி, அந்த அடிப்படையே அவ்வளவு லேசு இல்லை.

பழைய பாகைமானி: நாளைக்கு விடைத்தாளை லொபசேவ்ஸ்கி திருத்தப் போவதில்லை.

கோணல்மாணல்: யூக்ளிடும்தான்.

கடைசிபெஞ்சு: ஒரே பக்கம்தான், 'ப' தெரிகிறது. 25 வந்துவிட்டது. நன்றி, தூங்கப் போகிறேன்.

அரைத்தூக்கம்: கேள்வியில் "உள்ளே" என்று மட்டும் இருந்ததா, எந்தப் பக்கம் என்று இருந்ததா? சொல்லிவிட்டுத் தூங்குங்கள். இல்லையென்றால் புத்தகத்தின் மேலும் தப்புதான்.