வால்தம்ஸ்தோ கிரனாடா: பழைய தியேட்டரை வாங்க நினைப்பவர்களுக்கு

அன்பான ஊரவர்களுக்கு,

சங்க மண்டபத்துக்கு லண்டன் புறநகரில் பூட்டிக் கிடக்கும் பழைய தியேட்டர் ஒன்றைப் பார்க்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. விலை பேசுமுன் வால்தம்ஸ்தோ ஹோ ஸ்ட்ரீட்டில் நிற்கும் கிரனாடாவுக்கு நடந்ததை அறிந்துகொள்ளுங்கள்.

1930 செப்டம்பரில் திறந்த படமாளிகை அது. கட்டடக் கலைஞர் செசில் மேசி. உள் அலங்காரம் தியோடர் கோமிசார்ஜெவ்ஸ்கி. 2,697 இருக்கைகள். 1963 மே மாதம் பீட்டில்ஸ் இசைக்குழு பாடிய மேடை. கடைசிக் காலத்தில் ஹிந்திப் படங்களும் ஓடின. 2003 ஜனவரியில் மூடினார்கள்.

அதே ஆண்டு ஒரு மத அமைப்பு வாங்கியது. சாவி கையில் இருந்தும் வழிபாடு நடத்த முடியவில்லை. கட்டடங்களைப் பயன்பாட்டின்படி வகுப்புகளாகப் பிரிக்கும் அந்நாள் விதியில் படமாளிகை டி2 வகுப்பு, வழிபாட்டிடம் டி1. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றுவதற்குக் கவுன்சிலின் திட்டமிடல் அனுமதி வேண்டும். ஊர்மக்கள் விடாமல் எதிர்த்தார்கள், கவுன்சில் மறுத்தது, 2013இல் அமைச்சரும் மறுத்தார். பிங்கோ என்ற எண் சூதாட்ட மண்டபமும் அதே டி2 என்பதால், படமாளிகையைப் பிங்கோ மண்டபமாக்க அப்போது இந்த அனுமதி தேவைப்படவில்லை. 2020 செப்டம்பர் 1 முதல் இங்கிலாந்தில் படமாளிகை எந்த வகுப்பிலும் சேராது. சமூக மண்டபமாக்கவும் விண்ணப்பம் போட்டேயாக வேண்டும். கிரனாடா போலப் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால் உள்ளே ஒரு சுவரை இடிப்பதற்கும் தனி அனுமதி. இல்லாமல் தொட்டால் குற்றவழக்கு.

அடுத்தது கூரை. கிரனாடா காலத்துச் சித்திரவேலைச் சீலிங் பெரும்பாலும் சணல் துணி வைத்து வார்த்த பிளாஸ்டர். அதைத் தூக்கிப் பிடிப்பதும் பிளாஸ்டரில் தோய்த்த சணல் துணிக் கட்டுகளே. பீலியில் இலையும் புறா எச்சமும் அடைத்தால் மழைநீர் உள்ளே இறங்கும், சணல் உக்கும், பாரம் பக்கத்துக் கட்டுக்குப் போகும், பிறகு அதுவும் விடும். 2013 டிசம்பரில் லண்டன் அப்பல்லோ நாடக அரங்கில் காட்சி நடக்கும்போதே சீலிங் விழுந்ததும் இத்தகைய பழைய கட்டுகள் உக்கி விட்டதால்தான். கீழே நின்று பார்த்தால் வர்ணம் அழகாகவே இருக்கும். சீலிங்குக்கு மேலே ஏறி சணல் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். படம் ஓட்டும் அறையில் ஆஸ்பெஸ்டஸ் இருக்கிறதா என்பதையும் சோதியுங்கள்.

கிரனாடாவை 2019இல் கவுன்சிலே வாங்கியது. ஏறத்தாழ 3 கோடி பவுண் செலவில் திருத்தி, 2025 மே மாதம் சோஹோ தியேட்டர் வால்தம்ஸ்தோ என்று திறந்தார்கள். இப்போது ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான இருக்கைகள்தான்.

ஆகவே முதலில், விண்ணப்பம் போடுமுன் கவுன்சில் தரும் ஆலோசனை, அடுத்துப் பிளாஸ்டர் தெரிந்தவரின் எழுத்து அறிக்கை. இரண்டும் கைக்கு வந்தபின் முற்பணம்.